இரண்டரை தௌ

மூன்றாவது தடவையும் முள் அதே இடத்தில்தான் வந்து நின்றது. சென்னியப்பன் உள்ளளவு பார்க்கிற டயல் கேஜைச் சிலிண்டருக்குள்ளிருந்து மெல்ல உருவி, பனியன் வேஸ்ட் துணியால் அதன் காலைத் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கேஜ் சரியாக உட்கார்ந்திருக்காது என்று நினைத்துப் பார்த்தான். உட்கார்ந்திருந்தது என்பது கைக்குத் தெரிந்திருந்தது. கரண்டு காலை ஒன்பதுக்குப் போனது, மாதாந்திரப் பராமரிப்பு, நாலு மணிக்குத்தான் வரும் என்று பேப்பரில் போட்டிருந்தது, ஆவாரம்பாளையம் சந்து முழுக்க லேத்துகள் வாயை மூடிக்கொண்டு கிடந்தன, எதிர்க்கூரைத் தகரத்தில் ஒரு காக்கை நடக்கிற நகச் சத்தம்கூடக் கேட்டது. போரிங் மெஷினின் மேஜை மேல், நேற்று சாயங்காலமே ஏற்றி நான்கு கிளாம்பும் போட்டு நிறுத்திய எஞ்சின் பிளாக், கதவு வழியாக வந்த வெயிலில் பாதி, நிழலில் பாதி. இங்கிலாந்தில் செய்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காருடையது, அறுபது வருஷத்துக்கு மேலான இரும்பு. வேலை ஒன்றும் புதிதில்லை. நான்கு சிலிண்டரின் உள்சுவரையும் கடைந்து இப்போதிருப்பதைவிட இருபது தௌ அகலமாக்க வேண்டும், அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றுதான் தௌ, கம்பெனி அளவுக்கு மேலே ஏற்கெனவே நாற்பது போட்டாயிற்று, இப்போது அறுபது, அதற்கு மேல் இந்தச் சுவர் தாங்காது, பிறகு உள்ளே தேய்க்கிற ஹோனிங் கல்லைப் போட்டு எடுத்தால் புதுப் பிஸ்டன் போய் உட்கார்ந்துகொள்ளும். அளவு பார்க்காதே என்று, பிளாக்கை அனுப்பிய மெக்கானிக் திருமூர்த்தி சொல்லியிருந்தான். காலையில் ஒன்பதே காலுக்குப் போன் பண்ணி, "சென்னி, பழைய அளவெல்லாம் நோண்டீட்டு உக்காந்திருக்காதே, எப்படியும் அறுபதுக்குப் போறோம், கரண்டு வந்ததும் நேரா போட்டுத் தள்ளீரு" என்றான். சரியென்றுதான் சொன்னான் சென்னியப்பன். மூர்த்தி சொன்னால் சரிதான். ஆனால் கரண்டில்லாத நேரத்தில் கையை என்ன செய்வது, பீடி குடிக்கிற பழக்கமும் இல்லை, கை தானாகப் போய்க் கேஜை எடுத்தது. அவ்வளவுதான் நடந்தது. மணி பதினொன்று இருக்கும்.

முதல் சிலிண்டர் நாற்பது. இரண்டாவது நாற்பது. மூன்றாவது நாற்பது, அரைத் தௌகூட ஏறவில்லை இறங்கவில்லை. நான்காவது நாற்பத்திரண்டரை. மேலே தேய்ந்திருக்கும் என்று கேஜை அடிவரைக்கும் இறக்கிப் பார்த்தான், பிஸ்டன் வளையமே போய்த் தொடாத இடம் அது, தேய வழியில்லை, அங்கேயும் நாற்பத்திரண்டரை. அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் அதை அப்படிப் போட்டதே அவன்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இதே பிளாக்கை, இதே மெஷினில். அப்போது சீமையிலிருந்து வந்த பிஸ்டன் செட்டில் மூன்றுதான் நன்றாக இருந்தது, ஒன்று வழியிலேயே விளிம்பு உடைந்து வந்தது, உடைந்ததற்குப் பதிலாகப் பீளமேட்டில் ஒரு பவுண்டரியில் சொல்லி ஒன்று வார்த்துக் கடைந்து வாங்கினார்கள், அதன் பாவாடை என்கிற அடிப்பக்கம் கனம் எச்சு, சூடானால் சீமைப் பிஸ்டனைவிட எச்சாக விரியும், மற்றதுக்கு ஒன்றரைத் தௌ இடம் விட்டால் போதும், இதற்கு நாலு விட வேண்டும். அதனால்தான் இரண்டரை. அந்தக் கோயமுத்தூர்ப் பிஸ்டனை நான்காவதில் போடுவது என்று முடிவு செய்து, நான்காவதை மட்டும் இரண்டரை தௌ பெரிதாக்கி, பிஸ்டன் தலையில் சென்டர் பஞ்ச்சால் அடித்து நாலு புள்ளி வைத்துக் கொடுத்தான். கொடுத்ததை, எஞ்சினைப் பூட்டப்போகிற மூர்த்தியிடம் தன் வாயால் சொல்லியும் கொடுத்தான். சொன்னானா. சொன்னான். மூர்த்தி அப்போது உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான், கையில் எண்ணெயோடு தின்னாதே என்றுகூட இவன் சொன்னான், பொரி ஞாபகம் இருக்கிறது என்றால் சொன்னதும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். இல்லை, பொரி வேறு நாளாக இருக்கலாம். பொரி விஷயத்தை மனசு விட மாட்டேன் என்றது. அதைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்தான், சுவரில்தான் எல்லாம் இருந்தது. ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணினால் ஒன்றாவதாக வருகிற சிலிண்டரின் சுவரில், உருகி இழுபட்ட அலுமினியம், வெள்ளை வெள்ளையாக, சுண்ணாம்பு பூசின கையால் யாரோ பிடித்து வழுக்கினதுபோல் நாலு விரல் அகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பிஸ்டன் இறுகிப் பிடித்த இடம். நான்காவதின் சுவரில் ஒன்றுமில்லை. அவன் போட்ட ஹோனிங் கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக, நேற்றுப் போட்டதுபோல அப்படியே இருந்தன. பிடித்தது ஒன்றாவதில். ஒன்றாவதில் சீமைப் பிஸ்டன் அல்லவா இருந்திருக்க வேண்டும், ஒன்றரைத் தௌ இடம் விட்ட சீமைப் பிஸ்டன் எதற்குப் பிடிக்கும். கோயமுத்தூர்ப் பிஸ்டன் ஒன்றாவதுக்குப் போனால்தான் பிடிக்கும். ஒன்றாவதுக்கு எப்படிப் போகும். எப்படிப் போகும் என்றால், திருமூர்த்தி மில்லில் ஜெனரேட்டர் பார்த்து வேலை பழகினவன், அந்த எஞ்சின்களில் ஒன்று என்பது ஃப்ளைவீல் பக்கம், அங்கிருந்துதான் எண்ணுவார்கள். காரில் ரேடியேட்டர் பக்கம் ஒன்று. அதில் நாலு என்பது இதில் ஒன்று. இவ்வளவுதான். கை எண்ணெயைத் துடைக்காமல் பழைய பழக்கத்தில் எண்ணிவிட்டான். தலைகீழாக.

"என்னண்ணா, கெணத்துக்குள்ள ஆடு கீடு விழுந்துருச்சா, இப்படி எட்டி எட்டிப் பார்க்கறீங்க?" பக்கத்து லேத்துக்காரன் ஆல்பர்ட் வாசலில் நின்றான், கையில் டீ கிளாஸ் இரண்டு, ஒன்றை நீட்டினான். "அளவு பார்க்கறேன்" என்றான் சென்னியப்பன். "உங்களுக்கென்ன, ஒரு தடவை பார்த்தா ஆகாதே. எங்க ஊட்டுக்காரி சொல்லுவா, சென்னியண்ணன் ஊட்டுல சோத்துக்கு உப்புப் போடறதுக்கும் கேஜ் வெச்சுப் பார்ப்பாங்கன்னு, கலாமணியக்காவே சொல்லுச்சாம்." சென்னியப்பன் சிரித்தான், சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. டீ வாயில் பட்டது, சுட்டதா என்று யோசித்தான், சுட்டது. ஆல்பர்ட் பிளாக்கைச் சுற்றி வந்து, "யாரோடது? நம்ம மூர்த்தியண்ணன் அனுப்புனதா? மனுசன் ஓல்டு கார்ல எங்கியோ போயிட்டாரு. ஆனாலும் உங்களை விடலை பாருங்க. இந்தக் காலத்துல எவன் பழசை நெனப்பு வெச்சிருக்கான்" என்றான். ஆமாம் என்றான் சென்னியப்பன். ஆல்பர்ட் போன பிறகும் அந்த வாக்கியம் பட்டறைக்குள் நின்றுகொண்டே இருந்தது. உங்களை விடலை பாருங்க. சென்னியப்பனே எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறான். மனைவி கலாமணியிடம், மச்சானிடம், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்த முகம் தெரியாத ஆளிடம்கூட, நான் பண்ணினதுக்கு வேறொருத்தனா இருந்தா மூஞ்சியில முழிச்சிருப்பானா, மூர்த்தி இன்னும் எனக்கு வேலை குடுக்கறான் என்று. அதைச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஒரு ஈரம் வரும். அந்த ஈரத்தை நன்றி என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

கல்லாறு தாண்டி ஊட்டி மலை ஏறுகிற மூன்றாவது வளைவு. அங்கே இவன் இல்லை, இருந்தாற்போலத்தான் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வண்டி ஜெயவர்த்தனுடையது, மில் வைத்திருந்த பெரியவரின் மகன், அப்போது இருபத்துமூன்று வயசு, எஞ்சின் புதிதாகப் போட்டு இருநூறு மைல் மெல்ல ஓட்டிப் பழக்கிய பிறகு முதன்முதலாக மலைக்கு எடுத்தான். ஏற்றத்தில் சூடேறி, பிஸ்டன் பிடித்து, எஞ்சின் ஒரே நொடியில் கல்லாகி, பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு, வண்டி பக்கவாட்டில் போய் மதில் கல்லில் மோதி, இடது காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. நாலாம் நாள் மூர்த்தி வந்தான். முகம் சாம்பலாக இருந்தது. "சென்னி, பிரிச்சுப் பார்த்தேன். டைட்டாப் போட்டுட்டியேப்பா. நாலு விட வேண்டிய இடத்துல ஒண்ணரைதான் இருக்குது" என்றான். அது பொய்யில்லை. இப்போது யோசித்தால் அதுதான் உறுத்துகிறது, அவன் சொன்னதில் ஒரு அட்சரம் பொய்யில்லை, கோயமுத்தூர்ப் பிஸ்டனுக்கும் ஒன்றாவது சிலிண்டருக்கும் நடுவில் ஒன்றரைதான் இருந்திருக்கும், அளந்துதான் சொன்னான், எந்தச் சிலிண்டர் என்பதை மட்டும் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை. இந்தப் பிளாக்கைப் போட்ட வாரம் கலாமணி பிரசவத்துக்கு முன்னாலேயே முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், ராத்திரி மில்லில் ஷிப்ட், பகலில் இங்கே போரிங், நடுவில் ஆஸ்பத்திரி, மூன்று நாள் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றபடி கண் சொக்கியிருக்கிறது, அப்படிப்பட்டவனிடம் வந்து நீ தப்புப் பண்ணினாய் என்றால் அவனுக்கு முதலில் தோன்றுவது, ஆமாம் பண்ணியிருப்பேன் என்பதுதான். பிளாக்கைக் காட்டு என்று கேட்டான், கேட்டான் அல்லவா, "பெரியவரு குடோன்ல போட்டுப் பூட்டீட்டாரு, உன்னை அந்தப் பக்கமே விடமாட்டாங்க" என்றான் மூர்த்தி. பிறகு அவனே சொன்னான், நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடு, மனசு லேசாகும், நான் கூட வருகிறேன் என்று. போனார்கள். ஜெயவர்த்தன் கண்ணை மூடிப் படுத்திருந்தான், போர்வை ஒரு பக்கம் சப்பையாக இருந்தது, பெரியவர் ஜன்னலோரம் நின்றார். "என்னாலதானுங்க" என்றான் சென்னியப்பன். வேறொன்றும் வாயில் வரவில்லை. அதைச் சொல்லும்போது மூர்த்தியின் கை இவன் தோள்மேல் இருந்தது. அந்தக் கையின் கனம் இப்போதும் தெரிகிறது, கட்டைவிரல் சட்டைக் காலருக்குள் லேசாகப் போயிருந்தது, ஆறுதலுக்கு அழுத்துகிறான் என்று நினைத்தான், அழுத்தினான், ஒரு தடவை, இவன் சொல்லி முடித்த நேரத்தில், மெஷினில் வேலை முடிந்ததும் லீவரைத் தட்டிவிடுகிற மாதிரி.

இல்லை, அவனுக்கும் அப்போது தெரியாமல் இருந்திருக்கலாம். இப்படி ஒரு நினைப்பு வந்ததும் சென்னியப்பன் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தான், தண்ணீரில் போகிறவன் செத்தையைப் பிடிக்கிற மாதிரி. பிரித்தவன் அவன். பிஸ்டன் தலையில் நாலு புள்ளி இருந்திருக்கும். அதை ரேடியேட்டர் பக்கத்துச் சிலிண்டரிலிருந்து தன் கையால்தான் உருவியிருக்கிறான். நாலு புள்ளியைப் பார்க்காமல் உருவ முடியுமா. கரி மூடியிருக்கலாம். இருநூறு மைல் கரிக்குப் பஞ்ச்சில் அடித்த நாலு புள்ளி மறையாது. அப்படியென்றால் உருவின அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, நாலு நாள் யோசித்து, வந்திருக்கிறான். அப்புறம் அந்தச் சத்தம். வண்டி ஓட ஆரம்பித்த புதிதில் மூர்த்தியே சொன்னான், காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பின்பக்கம் தட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வருது, வால்வு டேப்பட்டாக இருக்கும் என்று. இவனும் டேப்பட்டைப் பார் என்றுதான் சொன்னான். டேப்பட் இல்லை, நான்காவதின் பெரிய குழியில் சீமைப் பிஸ்டன் லொடலொடவென்று ஆடின சத்தம் அது. அன்றைக்கு நின்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அந்தப் பையனின் கால் இருந்திருக்கும். ஆக, தன் மேலும் கொஞ்சம் இருக்கிறது. கொஞ்சமாவது இருக்க வேண்டும் என்று ஏன் தேடுகிறோம் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. பத்தொன்பது வருஷம் சுமந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அடுத்தவன் துணி, அதிலும் ஒரு கோவணத் துண்டாவது என்னுடையதாக இருக்காதா என்று தேடுகிற மாதிரி. மகள் பிரவீணா பிறந்து மூன்றாம் நாள்தான் அந்த விபத்து. ஒவ்வொரு வருஷமும் அவள் பிறந்தநாளுக்குக் கேக்கை வாயருகே கொண்டுவரும்போது, மூன்று நாளில் அந்தப் போர்வை வரும் என்று நினைப்பு வந்துவிடும், பாதி தின்று மீதியைத் தட்டோரம் வைப்பான். "உங்கப்பனுக்கு இனிப்புன்னாலே ஆகாது" என்பாள் கலாமணி. இனிப்பு ஆகாது என்று குழந்தையும் நம்பிவிட்டது, பிறகு ஊட்டுவதையே விட்டுவிட்டது. சொந்தமாகப் பட்டறை போட இடம் பார்த்து வைத்திருந்தான், வேண்டாம் என்று விட்டு இந்த வாடகைப் பட்டறையிலேயே இருந்துவிட்டான், என்னை நம்பி எவன் எஞ்சின் கொடுப்பான், மூர்த்தி கொடுக்கிறானே அது போதும் என்று. எத்தனை தடவை அளந்தான். ஒரு எஞ்சினுக்கு நாலு தடவை, ஐந்து தடவை, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு எழுந்து வந்து இன்னொரு தடவை. அந்த ராத்திரிகளை யாரிடம் போய்க் கேட்பது.

கரண்டு வந்தால் என்ன ஆகும் என்பது அப்போதுதான் உறைத்தது. கட்டர் இறங்கி ஒரு சிலிண்டருக்குப் பதினெட்டு நிமிஷம். நான்கும் முடிந்தால் எல்லாம் ஒரே அளவு, அறுபது, அறுபது, அறுபது, அறுபது. ஒன்றாவதின் வெள்ளைத் தீற்றல் பொடியாகி டிரேயில் விழும். நான்காவதின் இரண்டரை தௌ எங்கே போயிற்று என்று தேடினாலும் கிடைக்காது. அந்தப் பிஸ்டன் எந்தக் காயலான் கடையில் உருகிப் போயிற்றோ. தான் அன்றைக்குச் சரியாகப் போட்டோம் என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி இந்த மேஜை மேல் கிளாம்பு போட்டு நிற்கிறது, அதைத் தன் கையாலேயே கடைந்து எடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறான் மூர்த்தி. நேரா போட்டுத் தள்ளீரு. அளவெல்லாம் நோண்டாதே. காலையில் அந்தக் குரல் எப்படி இருந்தது, சாதாரணமாக இருந்தது, நடுவில் கொட்டாவிகூட விட்டான். சென்னியப்பன் எழுந்து போய் மெஷினின் சுவிட்சை ஆஃப் செய்தான், ஆனில் இருந்தால் கரண்டு வந்ததும் தானாக ஓட ஆரம்பித்துவிடும் என்று பயம், ஆஃப் செய்து, சந்தேகப்பட்டு இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தான். மேஜையில் மூர்த்தி அனுப்பின சீட்டு கிடந்தது, பிளாக்கோடு கம்பியில் கட்டி வந்த சீட்டு, ஓனர் ஜெயவர்த்தன் என்று பேரும் நம்பரும். அந்த நம்பரை இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது. தம்பி, அன்றைக்கு நான் சொன்னது தப்பு, என்னால் இல்லை என்று சொல்ல வேண்டும், அதைக் கேட்டு அந்த மனுஷன் மறுபடியும் முதலிலிருந்து அந்த வளைவில் போய் மோத வேண்டுமா. வேண்டாம் என்று சீட்டை வைத்தான். வைத்த கையே போனை எடுத்தது. கரண்டு வருவதற்குள் ஒருத்தனாவது தெரிந்துகொள்ள வேண்டும், அப்புறம் எது வேண்டுமானாலும் ஆகட்டும். மணி நாலாவது தடவை அடித்ததும் எடுத்தார்கள்.

"வணக்கமுங்க தம்பி, சென்னியப்பன் பேசறேன். போரிங் பட்டறை."

"அண்ணா, சொல்லுங்கண்ணா. பிளாக் வந்துருச்சுங்களா? மூர்த்தியண்ணன் ஓசூர்ல ஒரு ஆளு இருக்காப்ல, அங்க அனுப்பலாம்னு சொன்னாரு. நான் ஒரே பிடியா நின்னுட்டனுங்க, போட்டா சென்னியண்ணன்தான் போடோணும், இல்லாட்டி வண்டி குடோன்லயே கெடக்கட்டும்னு."

"அளவு பார்த்தனுங்க தம்பி." கேஜைக் கையில் எடுத்துக்கொண்டான். "நாலாவது இரண்டரை தௌ எச்சா இருக்குதுங்க. அப்படித்தான் நான் போட்டது. அந்த நாலாவது பிஸ்டனைக் கொண்டுபோய் ஒண்ணாவதுல போட்டிருக்குதுங்க. அதுதான் பிடிச்சிருக்குது. நான் போட்டது..."

"ஆமாங்கண்ணா, தலைகீழா எண்ணிப் போட்டுட்டாப்ல" என்றான் ஜெயவர்த்தன், நேற்று மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி. "அது அப்பவே தெரிஞ்சதுதானுங்களே."

கூரைத் தகரத்தில் காக்கை இல்லை. எப்போது போயிற்று.

"யாருக்குங்க தெரிஞ்சது?"

"அப்பாவுக்கு, எனக்கு. மூர்த்தியண்ணனே வந்து சொன்னாருங்களே. நான் வீட்டுக்கு வந்து ஆறு மாசம் இருக்கும். மூர்த்தியண்ணன் அப்பாவோட கால்ல விழுந்து ஓன்னு அழுதாரு. அப்பா சொன்னாரு, எங்க கால்ல விழுந்து என்னத்துக்கு ஆச்சு, மொதல்ல போய்ச் சென்னிகிட்டச் சொல்லுன்னு. ரெண்டு நாள் கழிச்சு வந்து, சொல்லீட்டனுங்கன்னாரு. நீங்க அழுதீங்களாம், அப்பறம், போகட்டும் விடு மூர்த்தின்னு சொன்னீங்களாம். இனிமே இதைப் பத்தி யாரும் எங்கிட்டப் பேச வேண்டாம்னு கேட்டுக்கிட்டீங்களாம். அதனாலதானுங்க நாங்க யாரும் உங்ககிட்ட..." மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. "அண்ணா. அவுரு உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

சென்னியப்பன் பிளாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இல்லீங்க" என்றான்.

ஜெயவர்த்தனின் கட்டைக் கால் தரையில் ஊன்றுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் வர்றனுங்கண்ணா, இப்பவே வர்றேன்" என்றான். "வேண்டாங்க தம்பி, வெயில்ல அலையாதீங்க" என்று சொல்லிப் போனை வைத்த பிறகு, தான் சொன்னது வெயிலைப் பற்றி என்பது ஏதோ ஆச்சரியமாக இருந்தது, எங்கேயோ ஒரு ஆள் உட்கார்ந்து இவனுக்குப் பதிலாக மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறான். அழுதானாம். போகட்டும் விடு மூர்த்தி என்றானாம். இவன் வாயில் என்ன அழகான சொல்லை எடுத்து வைத்திருக்கிறான். போகட்டும் விடு. இவன் சொல்லியிருப்பான்தான். உண்மையாகவே மூர்த்தி வந்து சொல்லியிருந்தால், அந்த ஆறாவது மாசத்தில், அழுதுகொண்டே ஒரு அறை விட்டு, பிறகு அதைத்தான் சொல்லியிருப்பான், வார்த்தைகூட மாறியிருக்காது, மூர்த்திக்கு இவனை அவ்வளவு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் வந்து கேட்காமல் தானே எழுதி எடுத்துக்கொண்டான். பழியைச் சுமத்தினானே, அதைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம், பயந்தவன், பயத்தில் மனுஷன் எதையும் பண்ணுவான். இது பயமில்லை. மன்னிப்பைத் திருடினது. இவன் பெட்டியிலிருந்து எடுத்து, இவன் கையெழுத்தைப் போட்டு, அவர்கள் வீட்டு நடுக் கூடத்தில் வைத்துவிட்டு, அங்கிருந்து நேரே இங்கே வந்து, "இந்த மாசம் ரெண்டு பிளாக் இருக்குது சென்னி, உனக்குத்தான்" என்று சொல்லியிருப்பான், எந்த மாசம் அது, சித்திரையா, அன்றைக்கு இவன் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பான். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் மன்னித்து, அழுது, மூக்கைச் சிந்தி, கை கழுவி எழுந்துபோய்விட்டார்கள், தப்பே பண்ணாத ஒருத்தன் மட்டும் இலையில் உட்கார்ந்திருக்கிறான். மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்தில் ஜெயவர்த்தன் கட்டைக் கால் சத்தத்தோடு பந்தி நடுவில் வந்து இவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க மனசு யாருக்கும் வராதுங்கண்ணா" என்றான். குத்திக் காட்டுகிறான் என்று நினைத்து இவன் சாப்பிடாமல் பின்வாசல் வழியாகப் போனான். அன்றைக்கு அந்தக் கை என்ன சொல்ல வந்தது, இந்தக் கை என்ன கேட்டது. பெரியவர் செத்தபோது கும்பலுக்குப் பின்னால் நின்று, கிட்டே போகத் தகுதியில்லாதவன் என்று, முகம் பார்க்காமல் திரும்பினான். அந்தப் பெரியவர் சாகும்வரை இவனை ஏதோ பெரிய மனசுக்காரன் என்று நினைத்திருக்கிறார். இவன் பேரில் இப்படி ஒரு நல்ல மனுஷன் ஊருக்குள் பத்தொன்பது வருஷமாக நடமாடிக்கொண்டிருந்திருக்கிறான், இவனுக்குத்தான் அவனைத் தெரியாது. சாட்சியாம், இரண்டரை தௌவாம். இதைக் காப்பாற்றி யாருக்குக் காட்டுவது. காட்ட வேண்டியவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே தெரியும். இனி இதைக் கடைந்தாலும் ஒன்றுதான், கடையாவிட்டாலும் ஒன்றுதான், இது தேவைப்படுகிற ஆள் ஒரே ஒருத்தன், அவன் இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். விரலை நான்காவது சிலிண்டருக்குள் விட்டுச் சுற்றினான். ஹோனிங் கோடுகள் விரல் நுனியில் மெல்லிசாகச் சொரசொரத்தன. மூன்று நாள் தூங்காதவன் போட்டது. கோடு ஒன்றுக்கொன்று விலகவேயில்லை. முப்பத்தொரு வயசு அவனுக்கு, அப்போது. நல்ல வேலைக்காரனாகத்தான் இருந்திருக்கிறான். அவனிடம் ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருக்கலாம்.

கரண்டு சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, ஒன்றே முக்காலுக்கு வந்துவிட்டது. தலைக்கு மேலே டியூப் லைட் இரண்டு தடவை சிமிட்டி எரிந்தது, சந்து முழுக்க லேத்துகள் ஒவ்வொன்றாக முனகி எழுந்தன, ஆல்பர்ட்டின் மெஷின் இரும்பைக் கடித்து அலறியது. சென்னியப்பன் எழுந்து மெஷின் முன்னால் நின்றான். கட்டர் சிலிண்டருக்கு மேலே நேராக நின்றிருந்தது, நேற்று அவன் நிறுத்தியது, ஒரு மயிரிழை விலகலில்லை. சுவிட்ச் கைக்கெட்டும் தூரம். முப்பது வருஷத்தில், ஏற்றின பிளாக்கைப் போரிங் போடாமல் இறக்கினதில்லை. அவன் சுவரிலிருந்து பத்தொன்பது நம்பர் ஸ்பேனரை எடுத்தான். முதல் கிளாம்பு கொஞ்சம் முரண்டு பிடித்துக் கழன்றது. இரண்டாவதைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டான்.

"கரண்டு வந்துருச்சாமே. ஆரம்பிச்சுட்டியா?"

"இல்லை. வண்டி அனுப்பி எடுத்துட்டுப் போயிரு மூர்த்தி. நான் இதைப் போடறதா இல்லை."

"ஏன், வெடிப்புக் கிடிப்பு இருக்குதா?"

"ஒண்ணும் இல்லை. பிளாக் நல்லாத்தான் இருக்குது."

"அப்பறம் என்னப்பா விளையாடறே. வெள்ளிக்கிழமை குடுக்கறேன்னு சொல்லி..." வார்த்தை அங்கே நின்றது. மூர்த்தியின் ஷெட்டில் யாரோ சுத்தியலால் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், டங், டங், ஒரே சீராக. பிறகு தணிந்த குரலில், "அளவு பார்த்தியா?" என்றான்.

"பார்த்தேன்."

மூன்றாவது கிளாம்பு விட்டது. அந்தப் பக்கம் மூர்த்தி யாரையோ ஒரு அதட்டுப் போட்டான், தட்டுகிற சத்தம் நின்றது. அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது, மாடி ஏறினவன் விடுகிற மூச்சு.

"எப்பத்திலிருந்து தெரியும் சென்னி?"

"காத்தால பதினோரு மணியிலிருந்து" என்றான் சென்னியப்பன். "உனக்கு?"

ஸ்பேனரை மேஜையில் வைத்துவிட்டு, போனைக் கைக்கு மாற்றிக்கொண்டு, அவன் காத்திருந்தான்.